பினாங்கு ரன்வே நீளம் பத்தலன்னு யாரு சொன்னா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்புல ஒரு வாசகர், பினாங்குலேர்ந்து லண்டனுக்கு நேரடி பிளைட்டு வரணும்னா மொதல்ல பாயான் லெப்பாஸ்ல இருக்கிற நம்ம ஏர்போர்ட்டோட ரன்வேயை (விமான ஓடுபாதையை) நீட்டணும்னு எழுதியிருந்தாரு. அவரோட ஆசை எனக்கும் இருக்கு. ஆனா அவர் சொன்ன காரணம் சரியில்ல, இதே காரணத்தை காப்பிக்கடையிலயும் கல்யாண வீட்டுலயும் வருஷக்கணக்கா கேட்டுக் கேட்டு சலிச்சுப் போனதாலதான் எழுதுறேன்.

நம்ம ரன்வே நீளம் 3,352 மீட்டர். லண்டன் கேட்விக் ஏர்போர்ட்ல இருக்கிற மெயின் ரன்வே 3,316 மீட்டர்தான், நம்மளதை விட குட்டை, அங்கேர்ந்து அமெரிக்கா, கரீபியன்னு பெரிய பிளைட்டுங்க போய்க்கிட்டுதான் இருக்கு. அமெரிக்காவுல சான் டியாகோவைப் பாருங்க, ஒரே ரன்வே, 2,865 மீட்டர், அங்கேர்ந்து லண்டனுக்கும் டோக்கியோவுக்கும் நேரா போறாங்க.

அது குளிர் ஊரு, இது வெயில் ஊருன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். சூடான காத்து லேசா இருக்கும், இறக்கை விமானத்தைத் தூக்குற விசை கம்மியாகும், எஞ்சினுக்கும் சக்தி குறையும், அதனால அதே எடையைத் தூக்க ரொம்ப தூரம் ஓடணும். லண்டன் இங்கேர்ந்து பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல, ஒரு போயிங் 787 விமானம் போனா எண்ணெய் மட்டுமே எழுபது டன்னுக்கு மேல ஏத்தணும். மத்தியான வெயில்ல முழு லோடோட ஒரு பெரிய போயிங் 777 கிளம்பினா கொஞ்சம் சரக்கை இறக்கிட்டுப் போக வேண்டி வரலாம், அதை நான் மறுக்கல. ஆனா ராத்திரி கிளம்புற மாதிரி டைம் போட்டா அந்தப் பிரச்சினை பெருமளவு குறைஞ்சிடும், அதோட நம்ம ஏர்போர்ட் கடல் மட்டத்துல இருக்கு, அது பெரிய லாபம். எத்தியோப்பியா தலைநகரம் அடிஸ் அபாபாவுல நம்மளதை விட நீளமா 3,800 மீட்டர் ரன்வே இருக்கு, ஆனா ஊரே 2,300 மீட்டர் உயரத்துல, அதனால வாஷிங்டன் போற பிளைட்டு வழியில எண்ணெய் போட நின்னு போறதுதான் வழக்கம், திரும்பி வரும்போது மட்டும் நேரா வரும். நீளத்தை மட்டும் வெச்சு எதையும் சொல்ல முடியாது.

2018ல கத்தார் ஏர்வேஸ் தோஹாவுலேர்ந்து நேரா 787 விட்டாங்களே, அது இதே ரன்வேயிலதான் ஏறி இறங்குச்சு. சரக்கு ஏத்துற 747 கூட இங்க வருது.

அப்போ எது தடை? சீட்டு நிறையணும், அதுவும் முன்னாடி இருக்கிற விலை அதிகமான சீட்டு நிறையணும், வருஷம் பூரா நிறையணும், லீவு நேரத்துல மட்டும் நிறைஞ்சா எந்தக் கம்பெனியும் விமானத்தைக் கொண்டாந்து நிறுத்தாது. 1972லேர்ந்து இங்க கம்ப்யூட்டர் சிப் செய்யுற இண்டெல் இருக்கு, அதுக்கப்புறம் எத்தனையோ பேக்டரி வந்துடுச்சு, அங்க வேலை பாக்குற பிள்ளைங்க ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் கோலாலம்பூரையோ (கேஎல்) சிங்கப்பூரையோ சுத்திக்கிட்டுத்தான் போறாங்க. டிக்கெட்டு கேஎல் ஏர்போர்ட் கணக்குல, சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட் கணக்குல போய்ச் சேருது, பினாங்குக்கு ஆள் இல்லன்னு பேரு. வயசான எங்க பெரியம்மா மகளைப் பாக்க லண்டன் போறப்பல்லாம் கேஎல்ல இறங்கி வீல்சேருக்குக் காத்துக் கிடக்கிறாங்க, அவங்கள மாதிரி எத்தனை பேரோ.

அடுத்தது டெர்மினல். வருஷத்துக்கு 65 லட்சம் பேருக்குன்னு கட்டினதுல 2019லயே 80 லட்சத்துக்கு மேல வந்துட்டாங்க. இப்ப 1 கோடியே 20 லட்சம் பேருக்கு விரிவாக்குறாங்க, ரன்வேயை நீட்டுற பணத்தை அங்க போடுறதுதான் சரி. ரன்வேயில கவலைப்படணும்னா நீளத்தைப் பத்தி இல்லீங்க, ஒண்ணே ஒண்ணுதான் இருக்குங்கிறதைப் பத்தி கவலைப்படலாம், அது மூடினா ஏர்போர்ட்டே மூடின மாதிரி.

சென்னைக்கு நேரடி பிளைட்டு வேணும்னு நம்ம ஜனங்க எவ்வளவு காலம் கேட்டோம்? 2024 டிசம்பர்ல இந்திய விமானக் கம்பெனி இண்டிகோ தினசரி விட ஆரம்பிச்சாங்க. அதுக்காக யாரும் ரன்வேயை ஒரு அடி கூட நீட்டல, ஆள் வருவாங்கன்னு கம்பெனிக்கு நம்பிக்கை வந்துச்சு, அவ்வளவுதான்.

அதனால மாநில அரசாங்கமும் ஏர்போர்ட் நிர்வாகமும் ஒரு காரியம் செய்யணும். கேஎல், சிங்கப்பூர் வழியா ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போற பினாங்கு ஆளுங்க மாசத்துக்கு எத்தனை பேர்னு கணக்கெடுத்து பொதுவுல வெளியிடணும், பேக்டரிகளையும் கூட்டிக்கிட்டுப் போய் விமானக் கம்பெனிகிட்ட அந்தக் கணக்கோட பேசணும். உங்க பத்திரிகை நிருபர்களும் அடுத்த தடவை போக்குவரத்து அமைச்சரைப் பாக்கும்போது அந்தக் கணக்கு எங்கன்னு கேளுங்க.

இப்படிக்கு,
பாயான் பாரு வாசகர்,
பினாங்கு