நீல்ஸ் போரின் கேடயத்தில் இருப்பது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், சீனா போய் வந்த பிறகுதான் டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போருக்கு, அணுவளவில் நடப்பதை விளக்கும் குவாண்டம் தத்துவமே பிடிபட்டது, அந்த நன்றிக்காகவே தன் குலச்சின்னத்தில் சீனரின் யின்-யாங் வட்டத்தை வைத்தார் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அலையும் துகளும் பற்றிய நிரப்புக் கொள்கையை அவர் இத்தாலியின் கோமோ நகரில் முன்வைத்தது 1927இல். சீனாவுக்குப் போனதோ 1937இல். அந்தக் கொள்கைப்படி, ஒளியை அலையாகவும் பார்க்க வேண்டியிருக்கிறது, துகளாகவும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே சோதனையில் இரண்டும் சேர்ந்து சிக்காது, ஒன்று மட்டும் இருந்தாலும் போதாது. இந்த எண்ணத்தோடு இருபது ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு 1947இல் டென்மார்க்கின் யானை விருது கிடைத்தது. பெரும்பாலும் அரச குடும்பத்தாருக்கும் நாட்டுத் தலைவர்களுக்கும் போகும் விருது. பெற்றவரின் குலச்சின்னம் பொறித்த கேடயம் அந்நாட்டின் ஃபிரெடெரிக்ஸ்போர்க் கோட்டைத் தேவாலயத்தில் மாட்டப்படும். ஐரோப்பியக் கேடயங்களில் சிங்கமும் கழுகும் நிற்பது வழக்கம். இவரோ ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும் இரு பாதிகளைத் தேர்ந்தெடுத்தார். எதிரானவை ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன என்று லத்தீனில் ஒரு வரியும் சேர்த்தார். தன் சிந்தனைக்குப் பொருந்திய வடிவம் சீனரிடம் இருப்பதைக் கண்டு மரியாதையோடு எடுத்துக்கொண்டார். இந்த உண்மையிலேயே எவ்வளவு அழகு இருக்கிறது! இதற்கு மேல் கதை கட்டுவானேன்?

படமும் தவறு. நீங்கள் போட்டது கறுப்பு வெள்ளை வட்டம். அவர் கேடயத்தில் இருப்பது சிவப்பும் கறுப்பும்.

இது முதல் முறையும் அல்ல. ஜெனீவாவின் செர்ன் எனும் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் உள்ள நடராஜர் சிலையை அங்குள்ள விஞ்ஞானிகளே விரும்பி நிறுவியதாக முன்பு எழுதினீர்கள். இந்திய அரசு பரிசாகக் கொடுத்து 2004இல் திறக்கப்பட்ட சிலை அது. அப்போது நான் எழுதிய கடிதத்துக்குப் பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. மேல்நாட்டார் நம்மிடமிருந்து எடுத்தார்கள் என்றால்தான் அறிவியல் விலைபோகும் என்று யார் சொன்னது?

பள்ளியில் காலமெல்லாம் போரின் அணு மாதிரியைக் கரும்பலகையில் வரைந்தவன் நான். என் பேத்தி உங்கள் கட்டுரையை மனப்பாடம் செய்து பேச்சுப் போட்டியில் பேசிவிட்டாள். அப்புறம் நான் ஆண்டுகளை எடுத்துச் சொன்னபோது, "பத்திரிகையிலேயே போட்டிருக்காங்களே தாத்தா" என்கிறாள். உங்கள் எழுத்துக்கு என் வீட்டிலேயே என் சொல்லைவிட மதிப்பு அதிகம். அந்த மதிப்பை இப்படியா செலவழிப்பது?

நான் கேட்பது இவ்வளவுதான்: அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், சரியான ஆண்டுகளோடும் சரியான நிறத்தில் உள்ள படத்தோடும் ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தேனி