கோடை நீச்சல் முகாம்களின் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்றுநர்களுக்கு,

வணக்கம். முகாமின் கடைசி நாளில் பிள்ளைகளுக்கு வைக்கும் தேர்வு பெரும்பாலும் ஒன்றுதான்: ப்ரீஸ்டைலில் (குப்புற இருந்து கைகளை மாறி மாறி மேலே வீசி நீந்துவது) 25 மீட்டரை நிற்காமல் கடக்க வேண்டும். கடந்தால் சான்றிதழ். அதே பிள்ளை பிறகு இறங்கப்போவது ஊர்க் கிணற்றில், காவிரியில், மெரினாவில். இங்கிலாந்தின் தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம் 25 மீட்டரோடு நிற்பதில்லை. பல நீச்சல் முறைகளையும், வெவ்வேறு நீர்நிலைச் சூழல்களில் தன்னைக் காத்துக்கொள்வதையும் சேர்த்தே கேட்கிறது. இங்கேயும் அப்படிக் கேளுங்கள். "இந்த இடத்தில் எப்படி நீந்துவாய்?" என்ற கேள்விக்குப் பிள்ளை தண்ணீரில் பதில் காட்டட்டும்.

உடையில் தொடங்கலாம். தவறி விழும் பிள்ளை நீச்சலுடையோடு விழுவதில்லை. ஆழமில்லாத பக்கத்தில், முழுக்கைச் சட்டையோடு 10 மீட்டர் ப்ரீஸ்டைல், பிறகு 10 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் (தவளைபோல் கைகாலை விரித்து நீந்துவது) நீந்தவிடுங்கள். ப்ரீஸ்டைலில் கை மேலே எழும்போது சட்டைக்கை தண்ணீரையும் சேர்த்துத் தூக்கும். நீருக்குள் தெரியாத எடை முழுவதும் தோளில் இறங்கும். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் கையை அப்படி வெளியே வீச வேண்டியதில்லை. விளக்கவுரை தேவைப்படாது, பிள்ளைக்கே புரிந்துவிடும். ஆனால் தலையை விடாமல் தூக்கியே வைத்திருந்தால் இடுப்பு தாழும், கால் கீழே போகும், கழுத்து வலிக்கும். பார்க்க வேண்டியபோது மட்டும் தூக்கட்டும்.

அடுத்தது திசை. குளத்தில் தடங்களைப் பிரிக்கும் கயிற்றை எடுத்துவிட்டு, கண்ணை மூடி 12 கைவீச்சு ப்ரீஸ்டைல். ஒரு கை வலுவாக இழுப்பதாலும் ஒரே பக்கம் மூச்செடுப்பதாலும் பலர் கோணலாகப் போய்ச் சேருவார்கள். ஆறேழு வீச்சுக்கு ஒருமுறை கண் மட்டும் நீருக்கு மேலே வரும்படி எட்டிப் பார்க்கும் பழக்கத்தை அப்போது சொல்லிக்கொடுங்கள். மல்லாந்து நீந்தும் பேக் ஸ்ட்ரோக்கில் மூச்சுக்குக் கவலையில்லை, வழிதான் தெரியாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது குப்புற நீந்துவதிலிருந்து மல்லாந்து மிதப்பதற்கு மாறும் பயிற்சி. நீந்தும்போது முகத்தில் தண்ணீர் தெளியுங்கள். இருமல் வந்ததும் தலையைத் தூக்கினால் உடல் செங்குத்தாகிவிடும். பிறகு கை படபடவென்று அடிக்கும், பயம் கூடும். தோளைத் திருப்பி மல்லாந்து, காது நீருக்குள் இருக்க, ஐந்து மூச்சு எடுத்துவிட்டு மறுபடி குப்புறத் திரும்ப வேண்டும். இது வராத பிள்ளைக்குச் சான்றிதழ் தராதீர்கள். (இரு கைகளையும் ஒன்றாக வீசி நீந்தும் பட்டர்பிளையை இந்த முகாமில் விட்டுவிடலாம். அது போட்டிக்கானது.)

ஆற்றுக்கு ஒரு பயிற்சி: இடுப்பளவு நீரில் 15 பிள்ளைகள் ஒரே திசையில் வட்டமாக வேகமாக நடந்தால் தண்ணீரே சுழன்று இழுக்கும். விசில் அடித்ததும் மல்லாந்து, பாதம் முன்னால் போக, கால்விரல் நீர்மட்டத்தில் தெரிய மிதக்கட்டும். ஒகேனக்கல் போன்ற பாறை ஆற்றில் அப்போதுதான் பாறை தலையில் இடிக்காமல் காலில் படும். வேகநீரில் எழுந்து நிற்கவே கூடாது. பாறையிடுக்கில் பாதம் சிக்கினால் நீர் ஆளைக் கவிழ்த்து அமுக்கிவிடும். இழுப்பு தணிந்த இடத்தில்தான் குப்புறத் திரும்பி, கரையை நோக்கிச் சாய்வாக ப்ரீஸ்டைல்.

கடலில் உள்ளிழுக்கும் ஓட்டத்தை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்துவது வீண். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் பிரெஸ்ட் ஸ்ட்ரோக். இல்லையென்றால் மல்லாந்து மிதந்து ஒரு கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஆகாயத்தாமரை படர்ந்த குளத்தில் காலை உதறினால் தண்டு இன்னும் சுற்றிக்கொள்ளும். உடலைக் கிடையாக வைத்து, கையை மட்டும் மெல்ல அசைத்து, வந்த வழியே திரும்பச் சொல்லுங்கள்.

நீச்சல் தெரிந்துவிட்டது என்று மூழ்கும் நண்பனைப் பிடிக்கப் பாயும் பிள்ளையும் மூழ்குகிறது. இதற்கு எந்த நீச்சல் முறையும் விடையில்லை. 5 லிட்டர் கேனில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூடியை இறுக்கி, பிடியில் கயிறு கட்டிக் கரையிலிருந்து எறியப் பழக்குங்கள். வெறும் கேன் காற்றில் தள்ளாடும், எட்டாது. எறிபவர் கயிற்றின் மறுமுனையைக் காலால் மிதித்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
நீச்சல் பயிற்சியில் உள்ள சிலர்