காத்திருக்கும் காலத்தில் யார் துணை?

ஆசிரியருக்கு வணக்கம்.

பெற்றோருடன் வாழ முடியாமல், வளர்ப்புக் குடும்பம் கிடைக்கும்வரை காத்திருக்கும் குழந்தைகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. குடும்பம் தேடுவது முக்கியம், சரி. அதுவரை அந்தக் குழந்தைக்கு யார் துணை? சமூகப் பணியாளர்தான். அம்மாவை எப்போது பார்க்கலாம், தம்பி எங்கே, அடுத்து எங்கே போவேன் என்ற கேள்விகளுக்கெல்லாம் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பணியாளர் அடிக்கடி மாறினால், பட்ட வேதனையை ஒவ்வொரு புது ஆளிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டிய கொடுமை குழந்தைக்கு. உடன்பிறந்தவர்களைத் தக்க காரணமின்றிப் பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற, இத்தகைய குழந்தைகளுக்கான மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. தலைக்கு மேல் வேலையோடு இருப்பவரால் இதையெல்லாம் எப்படிக் கவனிக்க முடியும்? பணியாளர்களைக் கூடுதலாக நியமித்து, குழந்தை புது வீட்டில் நிலைபெறும்வரை ஒருவரே உடனிருக்க அரசுகள் வழிசெய்ய வேண்டும்.

– ஒரு வாசகர்