குவாசார்களுக்குக் கூடுதல் பெருமை வேண்டாம்

ஆசிரியருக்கு,

ஆதிப் பிரபஞ்சத்தின் ஹைட்ரஜனை அயனியாக்கியவை (அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிரித்தவை) பிரகாசமான குவாசார்களே, அதாவது வாயுவை விழுங்கும் ராட்சதக் கருந்துளைகளால் ஒளிரும் விண்மீன் மண்டல மையங்களே, என்று உங்கள் அறிவியல் பக்கக் கட்டுரை அடித்துச் சொல்கிறது. கணக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் எலெக்ட்ரானும் புரோட்டானும் சேர்ந்து நடுநிலை ஹைட்ரஜன் உருவானது. அதை மறுபடி பிரிக்க 13.6 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை, அதாவது, 91.2 நானோமீட்டரோ அதற்கும் குறைவோ அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர். அணுவுக்கு ஒரு ஃபோட்டான் போதாது. அடர்த்தியான இடங்களில் பிரிந்த எலெக்ட்ரான் மீண்டும் ஒட்டிக்கொள்ளும், அதற்கு இன்னொரு ஃபோட்டானைச் செலவழிக்க வேண்டும். ஆனாலும் ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்குள் வேலை முடிந்துவிட்டது.

குவாசார் தான் இருக்கும் விண்மீன் மண்டலத்தையே மிஞ்சி ஒளிரும்; அதன் கதிரும் பெரும்பாலும் தடையின்றி வெளியேறும். குறை எண்ணிக்கையில்தான். செம்பெயர்ச்சி (பிரபஞ்ச விரிவால் ஒளியின் அலைநீளம் நீண்டுள்ள அளவு; எண் கூடக்கூடக் காலம் முந்தையது) 2, 3 காலத்தில் உச்சத்தில் இருந்த அவை, அதற்கும் முந்தைய காலத்தில் மளமளவென்று குறைகின்றன. செம்பெயர்ச்சி 6-இல், இன்றைய விரிவின்படி பக்கத்துக்கு 326 கோடி ஒளியாண்டு உள்ள கனசதுரத்தில் நல்ல பிரகாசமானது ஏறக்குறைய ஒன்றுதான். யானைப் பசிக்குச் சோளப்பொரி! மங்கலான சிறு விண்மீன் மண்டலங்களின் இளம் விண்மீன்களே பெரும்பங்கைச் சுமந்தன என்பதுதான் இன்று பலரும் ஏற்கும் கருத்து. அதற்கு அவற்றின் அயனியாக்கும் கதிரில் 10 முதல் 20 சதவீதம் தப்பி வெளியேற வேண்டும். அதையும் நேரடியாக அளக்க முடியாது. வழியிலுள்ள ஹைட்ரஜன் விழுங்கிவிடும்.

கட்டுரையின் இன்னொரு சறுக்கல், 2001-இல் செம்பெயர்ச்சி 6.28 உள்ள குவாசாரின் நிறமாலையில் தெரிந்த இருண்ட பள்ளத்தை 'முழு நடுநிலை வாயு' என்று எழுதியது. நடுநிலை ஹைட்ரஜன் உறிஞ்சும் லைமன்-ஆல்ஃபா கோட்டின் அலைநீளம் 121.6 நானோமீட்டர், அது (1 + 6.28 =) 7.28 மடங்கு நீண்டு 885 நானோமீட்டரில் வந்து சேர்கிறது. அதற்குக் குறைந்த அலைநீளத்தில் ஒளி அற்றுப்போக, பத்தாயிரத்தில் ஓர் அணு நடுநிலையாக இருந்தாலே போதும். பாதி நடுநிலையானாலும் பள்ளம் இதே கறுப்புத்தான். வேறுபடுத்த வேண்டுமானால், கோட்டின் சிவப்புப் பக்கம் (நீண்ட அலைநீளப் பக்கம்) ஒளி மெல்லத் தேய்கிறதா என்று பார்க்க வேண்டும். 2011-இல் அறிவிக்கப்பட்ட, செம்பெயர்ச்சி 7.085 உள்ள குவாசாரில் அதற்கான அறிகுறி தெரிந்தது. இதிலும் ஒரு கண்ணி உண்டு: குவாசாரின் சொந்தக் கோடு எப்படி இருந்திருக்கும் என்று முதலில் ஊகித்தாக வேண்டும். போதாததற்கு, அது தன்னைச் சுற்றியுள்ள வாயுவைத் தானே அயனியாக்கி வைத்திருக்கும்.

குவாசார்களுக்கு உரிய பெருமை ஹீலியத்தில் இருக்கிறது. ஹீலியத்தின் இரண்டாவது எலெக்ட்ரானைப் பறிக்க 54.4 எலெக்ட்ரான் வோல்ட் தேவை. சாதாரண விண்மீன்களால் அது ஆகாது. அந்த வேலை செம்பெயர்ச்சி 3-ஐ ஒட்டித்தான் முடிந்தது என்பதை ஹப்பிள் தொலைநோக்கியின் புற ஊதா நிறமாலைகள் காட்டுகின்றன. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி மங்கலான கருந்துளை மையங்களை எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கண்டிருப்பதால் விவாதம் மறுபடி சூடுபிடித்துள்ளது, உண்மைதான். ஆனால் ஹைட்ரஜனையும் அவையே அயனியாக்கின என்போர், அதே கடுங்கதிர் ஹீலியத்தை ஏன் முன்கூட்டியே பிரிக்கவில்லை என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
வானியல் வாசகர்