எங்கள் இலக்கம் எங்களோடு வரட்டும்: தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணைக்குழுவினருக்கு,

யாழ்ப்பாணத்தில் சிறிய அச்சகம் ஒன்றை நடத்துகிறேன். கலியாண அழைப்பிதழ், கடைகளுக்கான பில் புத்தகம், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக வெளியிடும் சிறு நூல்) என்று எதை அச்சிட்டாலும் அதில் எங்காவது ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கும். பெயரில் ஓர் எழுத்து விடுபட்டால் பொறுத்துக்கொள்கிறவர்கள்கூட, இலக்கத்தில் ஒன்று பிழைத்தால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம். தண்ணீர்ப் பம்பி திருத்துகிறவருக்கோ வாடகைக்குப் பந்தல் கொடுக்கிறவருக்கோ கடை என்று தனியாக ஒன்று இருப்பதில்லை. அந்தப் பத்து இலக்கங்கள்தான் கடை.

இலக்கத்தை வைத்துக்கொண்டு நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி வருகிறது, வருகிறது என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பாகிஸ்தானில் இது 2007இல் வந்தது. 2011 ஜனவரியில் இந்தியா முழுவதற்கும் வந்தது. 2018 ஒக்டோபரில் வங்காளதேசமும் தொடங்கியது. 1989இலேயே தெற்காசியாவின் முதலாவது கையடக்கத் தொலைபேசிச் சேவையை ஆரம்பித்த நாட்டுக்கு இது ஏன் இவ்வளவு பெரிய வேலையாகிவிட்டது என்று எனக்கு விளங்கவில்லை.

தொழில்நுட்பம் சிக்கலானது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2018இல் எடிசலாட் ஹட்ச் நிறுவனத்தின் கைக்குப் போனது. எடிசலாட்டின் 072 இல் தொடங்கும் இலக்கங்கள் அப்படியே இருந்தன. 2024 ஜூனில் எயார்டெல் லங்கா டயலொக்குடன் இணைந்தது. எயார்டெல்லின் 075 இலக்கம் வைத்திருந்தவர்கள் அதை இழக்கவில்லை. ஒரு நிறுவனம் தன்னை விற்கும்போது இலட்சக்கணக்கான இலக்கங்கள் அசையாமல் முதலாளி மாறலாமாம். வாடிக்கையாளர் ஒருவர் தாமாக விரும்பி மாறும்போது மட்டும் இலக்கத்தை விட்டுவிட்டுப் போகவேண்டுமாம். முழு நிறுவனத்தை இணைப்பதும் ஒற்றை இலக்கத்தைப் பெயர்ப்பதும் ஒரே வேலை அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டாவது வேலையை எங்கள் அயலவர்கள் எப்போதோ செய்துமுடித்துவிட்டார்கள்.

இங்குள்ள நிலைமையையும் சொல்லவேண்டும். யாழ் நகரத்துக்குள் எந்த சிம் என்றாலும் காரியம் நடக்கும். நெடுந்தீவுக்கோ வடமராட்சி கிழக்குக்கோ போனால் எந்தக் கோபுரம் பக்கத்தில் இருக்கிறதோ அதுதான் ராஜா. தெல்லிப்பளையிலிருந்து மருதங்கேணிக்குக் கலியாணம் செய்து போன பெண், புகுந்த வீட்டில் சிக்னல் இல்லை என்று இன்னொரு சிம் எடுக்கிறார். பழையதை விடவும் முடியாது. வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும், கனடாவிலுள்ள அண்ணாவின் வாட்ஸ்அப் அழைப்பும் அதற்குத்தான் வரும். ஆகவே இரண்டுக்கும் ரீலோட். எங்கள் ஊரில் இரண்டு சிம் போடும் தொலைபேசி இவ்வளவு விற்பனையாவது ஆடம்பரத்தால் அல்ல.

ரீலோட் செய்யாமல் விட்ட இலக்கம் சில காலத்தில் செயலிழந்து, பிறகு வேறொருவருக்கு விற்கப்படலாம். ஓர் ஆச்சியின் அந்தியேட்டிக் கல்வெட்டில் நான் அச்சிட்ட இலக்கத்தை வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் அழைத்தால், யாரோ முன்பின் தெரியாதவர் எடுப்பார். அச்சுப்பிழை என்றால் நான் திருத்தித் தரலாம். இதை எப்படித் திருத்துவது?

சரி, வசதி வரும் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படி வரும்போது எப்படி வரவேண்டும் என்பதில்தான் எனக்குக் கவலை அதிகம்.

மாற விரும்புகிறவர் புதிய நிறுவனத்திடம் மட்டும் போனால் போதும் என்று இருக்கவேண்டும். பழைய நிறுவனத்தின் கருமபீடத்தில் போய் நின்று அனுமதி கேட்கும் முறை வந்தால், "இன்னும் ஒரு மாதம் இருந்து பாருங்கள், டேட்டா இலவசமாகத் தருகிறோம்" என்ற பேச்சிலேயே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். இந்தியாவில் 1900 என்ற இலக்கத்துக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் குறியீடு வருகிறது. அதைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் மீதியை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பில் பாக்கி போன்ற, மாற்றத்தை மறுக்கக்கூடிய காரணங்களை முன்கூட்டியே எழுதிவையுங்கள். அவற்றுக்கு வெளியே மறுக்கும் உரிமை பழைய நிறுவனத்துக்கு வேண்டாம். முற்கொடுப்பனவு (பிரீபெய்ட்) இணைப்புக்காரரை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிவைக்கவும் வேண்டாம். என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் அவர்கள்தான்.

கள்வர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். இலக்கம் கைமாறினால் ஓடிபியும் கைமாறும், அதன் பின்னால் வங்கிக் கணக்கும் போகும். சிம் மாற்றி எடுத்த ஏழு நாட்களுக்குள் நிறுவனம் மாற முடியாது என்று 2024 ஜூலையிலிருந்து இந்தியாவில் விதி இருக்கிறது. திருடிய இலக்கத்தோடு ஒருவர் ஓடிவிடாமல் இருப்பதற்கான சின்னத் தடை அது, இங்கும் தேவை.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. இன்று முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்தே எந்த நிறுவனம் என்று சொல்லிவிடுகிறோம். ஒரே நிறுவனத்துக்குள் பேசினால் மலிவு என்ற பொதியை வாங்கியவர் அந்தக் கணக்கை நம்பித்தான் பேசுகிறார். இலக்கங்கள் இடம்பெயரத் தொடங்கியதும் 077 இல் தொடங்கும் இலக்கம் எங்கும் இருக்கலாம். அவருக்குத் தெரியாமலே காசு கழியும். அழைப்புக்கு முன் ஒரு சிறு ஒலி எழுப்புங்கள், அல்லது எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே கட்டணமாக்குங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

அழைப்பு எங்கே போகவேண்டும் என்று பார்க்கும் பொதுப் பதிவேடு எந்த ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டிலும் இருக்கக்கூடாது. அழைப்பு பழைய நிறுவனத்தின் ஊடாகச் சுற்றிவரும்படி அமைத்தால், அங்கே கோளாறு ஏற்படும் நாளில் அவர்களை விட்டு வந்தவருக்கும் தொலைபேசி அடிக்காது.

கடைசியாக, இது தொடர்பான குறுஞ்செய்திகளும் படிவங்களும் ஒழுங்கான தமிழில் வரட்டும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதிவிட்டு, தமிழில் மட்டும் யாருக்கும் விளங்காத வாக்கியமொன்றை ஒட்டிவிடும் பழக்கம் அரச அறிவித்தல்களில் நாங்கள் காலம் காலமாகக் காண்பது. மெய்ப்புப் பார்க்க ஆள் இல்லையென்றால் எனக்கு அனுப்புங்கள், காசு வேண்டாம்.

தொடங்கும் திகதியை நாளிதழில், மூன்று மொழியிலும், ஒரே நாளில் அறிவியுங்கள். அதுவரை பில் புத்தகங்களில் பழைய இலக்கத்தின்மேல் கோடு போட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர் ஒருவர்,
யாழ்ப்பாணம்