அந்தத் தகட்டைக் கழற்றச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் கேள்வி-பதில் பகுதியில் கல்முனை வாசகர் ஒருவர், பின்பக்கம் நாலு முனை உள்ள ஸ்பீக்கர் பெட்டிக்கு இரண்டு அம்ப்ளிபயர் பூட்டினால் என்ன லாபம் என்று கேட்டிருந்தார். சத்தம் இரட்டிப்பாகும், தாராளமாகப் பூட்டலாம் என்று பதில் வந்திருந்தது. அந்தப் பதிலில் ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது. விடுபட்டால் என்ன நடக்கும் என்பதை என் வீட்டு விறாந்தையிலேயே பார்த்தவன் நான்.

முப்பத்தைந்து வருடம் மட்டக்களப்பு நகரில் ரேடியோ திருத்தியவன். மருமகன் கட்டாரிலிருந்து ஒரு சோடிப் பெட்டி கொண்டுவந்தார். மேல் இரண்டு முனை ட்ரெபிள் (கீச்சுச் சத்தம்) தருகிற சின்ன ஸ்பீக்கரான டுவீட்டருக்கு, கீழ் இரண்டும் பேஸ் (கனத்த சத்தம்) தருகிற பெரிய ஸ்பீக்கரான வூபருக்கு. மேலையும் கீழையும் இணைத்தபடி விரல் நீளத்தில் இரண்டு பித்தளைத் தகடுகள். ஒரு பெட்டியில் அவற்றைக் கழற்றிவிட்டேன். மற்றதைக் கழற்றப் போன நேரம் மகள் தேத்தண்ணியோடு வந்து கதை கொடுத்தாள். அவ்வளவுதான். சுவிட்சைப் போட்டதும் ஒரு உறுமல், பிறகு புகை. தகடு இருந்தால் இரண்டு அம்பின் வெளியீடும் ஒன்றோடொன்று நேரே முட்டிக்கொள்ளும். ஒன்று தள்ள மற்றது இழுக்க, கடைசியில் டிரான்சிஸ்டர்தான் போகும். திருத்துகிறவனுக்கே இது நடந்தது என்றால் மற்றவர்களைச் சொல்லவா வேண்டும்?

அடுத்தது அந்த ‘இரட்டிப்பு’. பேஸையும் ட்ரெபிளையும் பிரிப்பதற்குப் பெட்டிக்குள் இருக்கிற கிராஸ்ஓவரைத் தொடாமல் வெளியே இரண்டு அம்ப் பூட்டினால், இரண்டு அம்பும் முழுப் பாட்டையும்தான் பெருக்குகின்றன. பெருக்கிய பிறகுதான் பெட்டிக்குள் பிரிப்பு நடக்கிறது. ஆளுக்குக் கறண்டு கொஞ்சம் குறையும், அது உண்மை. ஆனால் வோல்ட் குறையாது. முன்பு எங்கே கிழிந்ததோ அங்கேதான் இப்போதும் சத்தம் கிழியும். வாட்ஸ் உண்மையாகவே இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபெல்தான், காதுக்கு அது கொஞ்சம். ஹோம் தியேட்டர் ரிசீவர்களில் ‘பை-அம்ப்’ என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு அம்பும் ஒரே பவர் சப்ளையில்தான் குடியிருக்கின்றன, அதனால் அதிலும் இரட்டிப்பை எதிர்பார்க்க முடியாது.

ருசி இருப்பது பிரிப்பை அம்புக்கு முன்னால் கொண்டுபோவதில். கோயில் திருவிழாவில் பெரிய பெட்டி அடுக்குகிற பையன்களைக் கேட்டால் சொல்வார்கள், அவர்கள் எப்போதும் அப்படித்தான் செய்கிறார்கள். அக்டிவ் கிராஸ்ஓவர் சின்ன சிக்னலையே பேஸ் வேறு, ட்ரெபிள் வேறாகப் பிரித்து ஆளுக்கொரு அம்புக்கு அனுப்பும். கணக்கைப் பாருங்கள். ஒரு கணத்தில் பேஸுக்கு 20 வோல்ட் உச்சம் வேண்டும், ட்ரெபிளுக்கும் 20 வேண்டும் என்று வைப்போம். ஒரே அம்ப் என்றால் 40 வோல்ட் கொடுக்க வேண்டும். 8 ஓம் பெட்டிக்கு அது 100 வாட்ஸ் அம்ப். பிரித்துக் கொடுத்தால் 25 வாட்ஸ் அம்ப் இரண்டே போதும். பாட்டில் ட்ரெபிள் எப்போதும் பேஸுக்குச் சமமாக வராது, அதனால் லாபம் இந்த அளவுக்கு இராது. இருந்தாலும் காதில் பிடிபடும். பேஸ் அம்ப் மூச்சு முட்டினாலும் அந்தக் கிழிசல் டுவீட்டருக்குப் போகாது. தவில் கேட்கும்போதுதான் எனக்கு இது விளங்கியது: தவிலின் இடப்பக்கமான தொப்பியில் கம்பு எவ்வளவு பலமாக விழுந்தாலும், வலப்பக்கமான வலந்தலையில் விரல் கூடுகளின் நறுக்கென்ற சத்தம் கலங்கவில்லை.

நான் செய்தது புதுப் பெட்டியில் அல்ல. கல்லடியில் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். உப்புக் காற்றில் என் பழைய பெட்டியின் கிராஸ்ஓவர் பச்சை பூத்து, கண்டென்சரும் காய்ந்துபோயிருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, டி.எல். 072 ஐசி வைத்து 2500 ஹேர்ட்ஸில் பிரித்தேன். ஹியூலட் பக்கார்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியில் வேலை செய்த லிங்க்விட்ஸ், ரைலி என்ற இருவர் 1976இல் வெளியிட்ட முறை அது. பிரிகிற இடத்தில் இரு பக்கமும் சரி பாதியாகக் குறையும். காதில் சேரும்போது மேடு பள்ளம் இல்லாமல் ஒன்றாகும். டுவீட்டர் பக்கத்து அளவைக் கூட்டிக் குறைத்து ஒரு கிழமை போனது. முதல் நாள் எல்லாப் பாட்டுக்காரரும் ‘ஸ்ஸ்’ என்று சீறினார்கள்!

இதிலும் ஒரு குழி இருக்கிறது. டுவீட்டருக்கும் அம்புக்கும் நடுவில் எதுவும் இல்லாததால், அம்பில் வருகிற ஒவ்வொரு உதையும் நேரே மயிரிழைக் கம்பியில்தான் விழும். போடும்போது கிராஸ்ஓவரை முதலில், அம்பைக் கடைசியில் போட வேண்டும், நிற்பாட்டும்போது மறுபக்கம். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கறண்ட் நின்றது ஞாபகம் இருக்கும். திரும்பி வருகிற கறண்டுக்கு இந்த ஒழுங்கெல்லாம் தெரியாதே. ஒரு இரவு சுவிட்சை நிற்பாட்டாமல் படுத்துவிட்டேன். கறண்ட் வந்தபோது ‘டொப்’ என்று ஒரு சத்தம், ஒரு பக்க டுவீட்டர் போய்விட்டது. இப்போது 20 மைக்ரோபரட் கண்டென்சர் ஒன்றைத் தொடராகப் போட்டிருக்கிறேன். 8 ஓம் டுவீட்டருக்கு அது 1000 ஹேர்ட்ஸ் அளவிலிருந்து கீழே தடுக்கும், பாட்டைக் கெடுக்காது.

நல்ல கம்பெனிப் பெட்டி வைத்திருப்பவர்கள் அதை உடைத்துக் கிராஸ்ஓவரைக் கழற்றுவதை நான் விரும்ப மாட்டேன். அந்த டுவீட்டருக்கும் அந்த வூபருக்கும் அளந்து செய்தது அது. அவர்களுக்கு நல்ல அம்ப் ஒன்று போதும். கையில் பழைய பெட்டியும் சொல்டரிங் அயனும் பொறுமையும் உள்ள பிள்ளைகள் இறங்கலாம்.

கல்முனை வாசகர் இன்னும் பூட்டாமல் இருக்கக்கூடும். இரண்டு அம்ப் பூட்டுமுன் இரண்டு பெட்டியிலும் நாலு தகட்டையும் கழற்ற வேண்டும் என்ற ஒரு வரியையாவது வருகிற ஞாயிறே போட்டுவிடுங்கள்.

பழைய ரேடியோ திருத்துநர்,
கல்லடி, மட்டக்களப்பு.