மைதானத்தின் ஓரத்தைத் தாருங்கள்: யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாண மாவட்டத்துச் சனசமூக நிலையத் தலைவர்கள், செயலாளர்கள், விளையாட்டுக் கழகப் பொறுப்பாளர்கள், மாதர் சங்கத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

உங்களிடம் ஒரு மைதானம் இருக்கிறது. ஒரு வாசிகசாலை இருக்கிறது. வருடத்தில் பல தடவை ஊரைக் கூட்டித் தேத்தண்ணியும் சிற்றுண்டியும் கொடுக்கிறீர்கள். இந்த மூன்றையும் சரியாகப் பாவித்தால் உங்கள் ஊரில் பலருடைய வண்டி (தொப்பை) வற்றும், சிலருக்கு நீரிழிவு வராமலே போகும். நாங்கள் உணவு, உடற்பயிற்சி பற்றி ஆலோசனை சொல்லும் வேலையில் இருப்பவர்கள். "நடவுங்கோ, சோத்தைக் குறையுங்கோ" என்று கிளினிக்கில் சொல்லி அனுப்புவது சுலபம். எங்கே நடப்பது, எவ்வளவு குறைப்பது என்று கேட்டால் அதற்கான விடை உங்கள் கையில்தான் இருக்கிறது.

பின்னேரம் ஐந்து மணிக்கு ஊர் மைதானங்களில் உதைபந்தாட்டமோ கரப்பந்தாட்டமோ நடக்கும். சுற்றிவர ஓரம் முழுக்க நெருஞ்சி படர்ந்து சும்மா கிடக்கும். அதே நேரம் ஐம்பது வயது அம்மா ஒருவர் ஒழுங்கையில் நடக்கப் பார்ப்பார். ஒரு பக்கம் நாய், மறுபக்கம் மோட்டார் சைக்கிள், வேலியோரம் நிற்பவர்களின் "என்ன, எங்க போறியள்?" என்ற கேள்வி. மூன்றாம் நாளோடு நடை நின்றுவிடும். அவருக்கு மனம் இல்லை என்று சொல்வது அநியாயம். அவருக்கு இடம் இல்லை.

எனவே முதல் வேண்டுகோள் இதுதான். மைதானத்தின் ஓரத்தில் ஒன்றரை மீற்றர் அகலத்துக்குப் புல்லைச் செருக்கி, குழிகளை நிரப்பி, ஒரு சுற்றுப்பாதை அமையுங்கள். விளையாடுகிறவர்களுக்கு இடைஞ்சல் வராது. அளவு நாடாவால் சுற்றை அளந்து 50 மீற்றருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போடுங்கள். காலை ஐந்தரை முதல் ஏழு வரையும், பின்னேரம் ஐந்து முதல் ஆறரை வரையும் அந்தப் பாதை நடப்பவர்களுக்கு மட்டும் என்று அறிவித்தல் பலகையில் எழுதுங்கள். சித்திரை, வைகாசி வெக்கையில் இந்த நேரங்களுக்கு வெளியே நடக்கச் சொல்லவே கூடாது. பாதையில் நாய் நிற்காமல் பார்ப்பதற்கும், மங்கும் நேரத்தில் ஒரு விளக்கு எரிவதற்கும் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் பெண்கள் வரமாட்டார்கள்.

கோடு எதற்கு என்றால், வேகம் தெரிவதற்கு. எங்கள் ஊரில் நடை என்றால் பெரும்பாலும் கதைத்துக்கொண்டு உலாவுவது. உடம்பு இளைக்க 400 மீற்றரை நாலு நிமிடம் முதல் நாலரை நிமிடத்துக்குள் கடக்க வேண்டும். உங்கள் சுற்று 250 மீற்றர் என்றால் இரண்டரை முதல் இரண்டே முக்கால் நிமிடம். மணிக்கூடு இல்லாதவர்களுக்கு இன்னொரு அளவு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. தேவாரம் பாடிக்கொண்டு போக முடிகிறதென்றால் வேகம் போதாது. ஒரு வசனம் முடிக்கமுன் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

தொடங்குபவர்களுக்கு முதல் வாரம் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். ஒவ்வொரு வாரமும் ஐந்து நிமிடம் கூட்டினால் ஐந்தாம் வாரம் முப்பது நிமிடமாகும். ஐந்து நாளைக்கு 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் கீழ் எல்லை இது. மேல் எல்லை 300 நிமிடம். எடை குறைய வேண்டுமென்றால் மேல் எல்லையை நோக்கி மெல்ல மெல்லப் போகவேண்டும். முதல் நாளே ஆறு சுற்று ஓடுபவர்தான் இரண்டாம் வாரம் முழங்கால் நோவென்று வீட்டில் இருப்பார். எண்பது, தொண்ணூறு கிலோ உடம்பு ஓடும்போது முழங்காலில் விழும் பாரம் நடையைவிடப் பல மடங்கு. அவர்களுக்கு முதல் மூன்று மாதம் நடையும் சைக்கிளும் போதும். யாழ்ப்பாணத்துத் தரை சமதரை; சைக்கிளுக்கு ஏற்றம் கிடையாது. சோழகக் காற்று வீசும் மாதங்களில் காற்றுக்கு எதிராக உழக்குவதே எங்களுக்கு மலையேற்றம். பின்பட்டி இல்லாத இறப்பர்ச் செருப்போடு வேகமாக நடக்க விடாதீர்கள். செருப்பு கழராமல் விரல்கள் இறுக்கிப் பிடிக்கும், கெண்டைக்கால் நோகும். பட்டி வைத்த செருப்பு அல்லது கன்வஸ் சப்பாத்து நல்லது.

நடை மட்டும் போதாது. சாப்பாட்டைக் குறைத்து நடந்து மட்டும் இளைப்பவருக்குக் கொழுப்போடு தசையும் கரையும். வாரத்தில் இரண்டு நாள் வாசிகசாலை விறாந்தையில் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். கைப்பிடி இல்லாத கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி இருத்தல் பத்துத் தடவை. சுவரில் உள்ளங்கைகளை ஊன்றி, உடம்பைப் பலகைபோல் நேராக வைத்துச் சாய்ந்து தள்ளுதல் பத்து. தூணைப் பிடித்துக்கொண்டு குதியை உயர்த்தி இறக்குதல் பதினைந்து. ஐந்து லீற்றர்த் தண்ணீர்க் கலனை ஒரு கையில் தூக்கி இருபது மீற்றர் நடந்து, கை மாற்றித் திரும்புதல். இந்த வரிசையை இரண்டு முறை செய்ய வேண்டும். கதிரைப் பயிற்சியில் முழங்கால் உள்ளே மடிந்து ஒன்றையொன்று முட்டுவதுதான் அடிக்கடி காணும் பிழை. பாதத்தைத் தோள் அகலத்தில் வைத்தால் சரிவரும்.

ஒரு எச்சரிக்கை. நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்களும், கிளிக்லசைட், ரொல்புட்டமைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் வெறுவயிற்றில் நீண்ட நேரம் நடந்தால் இரத்தச் சீனி சட்டென்று இறங்கலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தடுமாற்றம் கண்டால் உடனே மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணி கொடுத்து இருத்துங்கள். வாசிகசாலை அலுமாரியில் ஒரு சீனிப் போத்தல் எப்போதும் இருக்கட்டும். நெஞ்சு இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு வந்தால் "கொஞ்சம் இருந்தால் மாறும்" என்று காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நாற்பது கடந்தவர்கள் தொடங்கமுன் அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் பிரஷரும் சீனியும் பார்த்துவிட்டு வரட்டும்.

இனிச் சாப்பாடு. நடப்பவர்கள் பலர் இளைக்காததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. எழுபது கிலோ எடையுள்ளவர் அரைமணி விரைந்து நடந்தால் செலவாவது ஏறக்குறைய 120 முதல் 150 கலோரி. நடை முடிந்து கடையில் ஒரு பால்தேத்தண்ணியும் ஒரு உழுந்து வடையும் எடுத்தால் செலவானதைவிட அதிகம் உள்ளே போய்விடும். தேத்தண்ணிக் கணக்கைத் தனியாகப் பார்க்கவேண்டும். இரண்டு தேக்கரண்டி சீனி 40 கலோரி, குவித்த இரண்டு தேக்கரண்டி முழு ஆடைப் பால்மா 75 கலோரி. ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி என்றால் 575 கலோரி. அது ஒரு நேரச் சாப்பாடு. எதையும் மாற்ற மனமில்லாதவர் இதை மட்டும் மாற்றட்டும்: பால்தேத்தண்ணி ஒன்று, மற்றதெல்லாம் பிளேன்ரீ, சீனி அரைத் தேக்கரண்டி. இரண்டு கிழமையில் நாக்கு பழகிவிடும். பனங்கட்டி கடித்துக் குடித்தால் கணக்கில் சேராது என்று நினைப்பவர்கள் உண்டு. பனங்கட்டியும் சீனிதான், சின்னத் துண்டாகக் கடித்தால் மட்டுமே இலாபம்.

சோற்றில் பெரிய மயக்கம் ஒன்று உண்டு. சிவப்பரிசி, மொட்டைக்கறுப்பன், குரக்கன் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நம்புகிறார்கள். அவற்றில் நார்ச்சத்து கூட, பசி தாங்கும், சீனி மெதுவாக ஏறும்; எல்லாம் உண்மை. ஆனால் கலோரி வெள்ளையரிசிக்குக் கிட்டத்தட்டச் சமம். 200 மில்லிலீற்றர் தேத்தண்ணிக் கோப்பை நிரம்ப எடுத்த சோறு ஏறக்குறைய 200 கலோரி, எந்த அரிசியாக இருந்தாலும். இருந்து வேலை செய்பவருக்கு மத்தியானம் ஒன்று முதல் ஒன்றரைக் கோப்பை. தோட்டத்தில் கொத்துபவருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது, அவர்களை விட்டுவிடுங்கள்.

பரிமாறும் ஒழுங்கை மாற்றினால் பாதி வேலை முடிந்தது. நாங்கள் முதலில் சோற்றைக் குவித்துவிட்டு மிஞ்சிய இடத்தில் கறி விடுகிறோம். முதலில் முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், கீரை, கத்தரிக்காய், பயிற்றங்காய் என்று சாப்பாட்டுக் கோப்பையில் (தட்டில்) பாதியை நிரப்புங்கள். கால்வாசி மீன், முட்டை, பருப்பு அல்லது கடலை. மிச்சக் கால்வாசிக்குத்தான் சோறு. சூடையும் கீரியும் விலை குறைந்த நல்ல மீன்கள். பொரிக்காமல் குழம்பு வைத்தால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் மிச்சம், அதாவது 120 கலோரி. தேங்காயை விடச்சொல்ல எங்களுக்கு மனம் இல்லை, அதற்குத் தேவையும் இல்லை. தேங்காய்ப்பூ 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி. நாலு பேருள்ள வீட்டில் சொதி, சம்பல், வறை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு அரைத் தேங்காய் என்று வையுங்கள். சொதிக்கு முதற்பாலைத் தவிர்த்து, கப்பிப்பாலில் (பின்னர் பிழியும் ஐதான பாலில்) வைத்து, தேசிக்காய்ப் புளி தூக்கலாக விட்டால் சுவை குறையாது.

இராச்சாப்பாட்டுப் பிட்டை அவித்த பிறகு அளக்க முடியாது. மாவாக இருக்கும்போதே அளவுங்கள்: ஒருவருக்கு 75 கிராம். எந்த மாவும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரி; தண்ணி சேர்ந்து எடை கூடினாலும் அந்தக் கணக்கு மாறாது. அதில் சேரும் தேங்காய்ப்பூவின் கணக்கு வேறு. ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் படுப்பதை ஏழரைக்கு மாற்றினால், அதன்பின் மிக்சரும் பிஸ்கட்டும் கொறிக்காமல் இருந்தால், நெஞ்செரிவும் குறையும்.

விரதம் பற்றியும் கேட்பார்கள். கந்தசஷ்டி ஆறு நாளில் மூன்று கிலோ குறைந்தால் அதில் பெரும்பகுதி தண்ணீர். பாறணை முடிந்து ஒரு கிழமையில் திரும்ப வரும். விரதத்தை விரதமாகவே வைத்திருங்கள். உடம்பு இளைக்கும் வழியாக எண்ண வேண்டாம்.

இப்போது உங்கள் சிற்றுண்டிப் பொதி. ஆண்டுவிழாவிலும் பரிசளிப்பிலும் கொடுக்கும் பெட்டியில் கேக் துண்டு, றோல்ஸ், வடை, கூடவே மென்பானம். 2016 முதல் இலங்கையில் மென்பானப் போத்தல்களில் சீனிக்கு நிற அடையாளம் உண்டு. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. 400 மில்லிலீற்றர்ப் போத்தலில் அது ஒன்பது தேக்கரண்டியைத் தொடும். ஓடி வென்ற பிள்ளைக்கு இதைக் கொடுப்பதற்குப் பதிலாக அவித்த கடலை அல்லது பயறு ஒரு சிறு பொதி, ஒரு கதலி வாழைப்பழம், மோர் அல்லது இளநீர் கொடுங்கள். கடலையைத் தாளிக்கும்போது எண்ணெய் ஒரு கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். தேங்காய்ச் சொட்டை அள்ளிப் போட்டால் நாங்கள் சொன்னதெல்லாம் வீண்.

வாசிகசாலையில் ஒரு டிஜிட்டல் தராசும் ஒரு அளவு நாடாவும் வையுங்கள், மறைப்புத் திரைக்குப் பின்னால். கொப்பியில் பெயர் எழுதாமல் இலக்கம் கொடுங்கள். ஊரில் ஒருவருடைய எடை வெளியே தெரிந்தால் அவர் திரும்பி வரமாட்டார். நிறுப்பது வாரத்தில் ஒரு நாள், காலையில், சாப்பிட முன், ஒரே தராசில். நேற்று உப்புக் கருவாடு சாப்பிட்டதற்கே ஒரு கிலோ கூடிக் காட்டலாம், அதனால் நாளாந்தம் நிறுத்துக் கவலைப்பட வேண்டாம். இடுப்பை, சாரம் கட்டும் இடத்தில் அல்லாமல், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் அளக்கவேண்டும். எங்கள் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் எல்லை. வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் அது நல்ல வேகம். எண்பது கிலோக்காரருக்கு நாலு கிலோ குறைந்தாலே பிரஷரிலும் சீனியிலும் மாற்றம் தெரியத் தொடங்கும்.

எடைக் குறைப்புப் போட்டி மட்டும் வைக்காதீர்கள். பரிசுக்காகப் பட்டினி கிடப்பார்கள், போட்டி முடிந்ததும் பழையபடி. பரிசு கொடுப்பதென்றால் மூன்று மாதத்தில் அதிக நாள் வந்தவருக்குக் கொடுங்கள். சென்னையில் நடந்து 2006 இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நடையும் உணவு மாற்றமும் செய்தவர்களுக்குச் சராசரி எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் நீரிழிவு வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. தராசு அசையாத மாதத்தில் சோர்ந்து நிற்பவருக்கு இதைச் சொல்லுங்கள். அதேபோல், புத்தாண்டு விளையாட்டு விழாவில் வருடம் முழுக்க அசையாத நாற்பத்தைந்து வயதுக்காரரை நூறு மீற்றர் ஓட விடாதீர்கள். தொடைத் தசை கிழிவதும் நெஞ்சு நோவதும் அங்கேதான். அவர்களுக்கு ஒரு கிலோமீற்றர் வேக நடை வையுங்கள், கிளித்தட்டு வையுங்கள்.

ஐப்பசியில் மழை தொடங்கினால் பாதை சேறாகும். அந்த இரண்டு மாதமும் மண்டபத்தைத் திறந்துவிடுங்கள்: நின்ற இடத்தில் அணிநடை, படியேறி இறங்கல், கதிரைப் பயிற்சி, மொத்தம் அரைமணி. எனவே பாதை அதற்கு முதல் தயாராகவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, இருபது பேர், மண்வெட்டியும் ஒரு மூட்டைச் சுண்ணாம்பும் போதும். நாளைக் குறித்து அறிவித்தல் பலகையில் போடுங்கள். அளவு நாடாவோடு நாங்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
உணவு, உடற்பயிற்சி ஆலோசனையாளர்கள் சிலர்
யாழ்ப்பாணம்